அட்டையில் காணாமல் போன விமானம்: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

அரக்கோணத்தான்

நண்பர் எழுதின அறிவியல் புனைகதைக்கு அட்டைப்படம் வரைஞ்சேன். நூறு வருஷம் கழிச்சு நம்ம பாலாறு, மணலுக்கு அடியில தண்ணி இருக்கான்னு தாழப் பறந்து தேடுற ஒரு விமானம். நாலு இன்ஜின். ஒவ்வொண்ணுலயும் முன்னும் பின்னுமா ரெண்டு விசிறி, எதிரெதிரா சுத்தும். ஆக எட்டு விசிறி. இது எங்கேருந்து வந்துச்சுன்னு எங்க ஊர்க்காரங்களுக்குச் சொல்லணுமா? அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்துல 2017 மார்ச் வரைக்கும் இருந்த டியூ-142 ரோந்து விமானம்தான். அது கிளம்பினா எங்க வீட்டுப் பாத்திர அலமாரி அதிரும். இப்ப இருக்கற பி-8ஐ ஜெட், அந்த அதிர்வு கிடையாது.

கிரிட்டாங்கற ஓவிய மென்பொருள்லதான் வரைஞ்சேன். முன் விசிறி ஒரு லேயர், பின் விசிறி ஒரு லேயர். ரெண்டும் எதிர்ப்பக்கம் சுத்துறதால மங்கலும் எதிர்ப்பக்கம் சாயணும். வால் பக்கத்துல கிளம்புற மணல் தூசிக்கு மட்டும் பல ராத்திரி போச்சு.

புத்தகத் திருவிழாவுல கட்டுப் பிரிச்சப்பதான் தெரிஞ்சுது, பதிப்பகத்துல அட்டையையே மாத்திட்டாங்க. கறுப்பா ஒரு முக்கோணம், பின்னாடி நீல வெளிச்சம், கீழே எந்த ஊர்னே தெரியாத கண்ணாடிக் கட்டடங்கள். எங்கேயோ ரெடிமேடா கிடைச்ச படம். பள்ளிக்கூட யூனிஃபார்ம்ல ஒரு பொண்ணு வந்து பின்னட்டையைப் படிச்சுது. "எட்டு விசிறி விமானம்"னு அதுல போட்டிருக்கு. முன்பக்கம் திருப்பி, விரலை வெச்சுத் தேடிட்டு, "அண்ணா, விசிறி எங்க?"ன்னு கேட்டுது. நானும் நண்பரும் அங்கேயேதான் நிக்கிறோம். ரெண்டு பேர் வாயிலயும் பேச்சு வரல. அது புத்தகத்தை வெச்சுட்டுப் போயிடுச்சு.

சத்துவாச்சாரி வாசகர்

தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். எழுபதுகளின் கடைசி, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. பலகையில் விமானம் வரைந்து, பின்னால் பெஞ்சில் ஏறி ஜன்னல் ஓட்டையில் முகம் காட்டினால் போட்டோ எடுத்துக் கொடுப்பார்களே, அந்த ஸ்டுடியோ. கடை திறப்பதற்கு முன்னால் ஓவியர் பலகைக்குப் பெயின்ட் ஒத்திக்கொண்டிருந்தார். பேனா மூடியைக் கறுப்புப் பெயின்டில் தொட்டு இறக்கை நெடுக வட்டம் வட்டமாக வைத்துக்கொண்டே போனார். இது எதற்கு என்று கேட்டேன். "ஆணி தம்பி. தகடும் தகடும் சேர்ற எடத்துல ஆணி இல்லாம எப்புடி நிக்கும்?" என்றார். அவர் விமானத்தில் ஏறியதே கிடையாது. மீனம்பாக்கம் போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தவர்.

அந்தக் கை இன்று இல்லை. 1972-ல் முத்து காமிக்ஸ் முதல் இதழ் வந்த காலத்தில் அட்டையைப் பார்த்துத்தான் காசை எடுத்தோம். அன்றைய ஓவியர்கள் கதையைப் படித்துவிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொட்டார்கள். கம்ப்யூட்டர் வந்தது, அந்தப் பழக்கமே போய்விட்டது. ஃப்ளெக்ஸ் வந்து நம்மூர் சுவர் ஓவியர்களை வீட்டுக்கு அனுப்பியதும் இதே கதைதான்.

பேர்ணாம்பட்டு நிலா

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். கம்ப்யூட்டர் மேல் பழி போடாதீர்கள். எல்லா ஓவியர்களும் படித்துவிட்டு வரைந்தார்கள் என்பதும் சரியில்லை. எழுபதுகளில் ஆங்கில அறிவியல் புனைகதை அட்டை என்றாலே பிரிட்டிஷ் ஓவியர் கிறிஸ் ஃபாஸ்தான். காற்றால் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷில் பிரம்மாண்டமான விண்கப்பல்கள், வயிற்றில் பட்டை பட்டையாக மஞ்சளும் சிவப்பும். அந்தக் கப்பல்களில் பலவற்றுக்கும் உள்ளே இருக்கும் கதைக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனாலும் அந்த அட்டைக்காகவே பழைய பிரதியை இன்றும் தேடி வாங்குகிறார்கள். காரணம், அவர் கப்பலில் எடை தெரியும். வேலை பார்த்துப் புகை பிடித்த இயந்திரம் என்று நம்பலாம்.

ஏர்ஃபிக்ஸ் என்ற மாதிரி விமான பொம்மைப் பெட்டிகளுக்கு 1964 முதல் 1974 வரை விமானம் வரைந்த ராய் க்ராஸ், போர்க்காலத்தில் விமானக் கம்பெனியில் தொழில்நுட்ப ஓவியராக இருந்தவர். எந்தத் தகடு எங்கே மடங்கும் என்று அவருக்குத் தெரியும். உங்கள் குடியாத்தம் பெரியவருக்கும் அதேதான் தெரிந்திருக்கிறது. பேனா மூடியா, டேப்லெட் பேனாவா என்பது அடுத்த விஷயம்.

நானும் டிஜிட்டலில்தான் வரைகிறேன். முதலில் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் வெறும் பெட்டியும் உருளையுமாக விமானத்தை நிறுத்தி, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று முடிவு செய்வேன். அதற்கு மேல் கையால் பெயின்ட். தகட்டுக் கோடுகளை எல்லா இடத்திலும் ஒரே அழுத்தத்தில் போட்டால் பொம்மையாகிவிடும். வெளிச்சம் படும் பக்கம் கோடு கரைய வேண்டும், நிழலில் தெரிய வேண்டும். கம்ப்யூட்டர் இதைத் தானாகச் செய்து தராது.

எனக்கு நடந்தது வேறு. பதிப்பாசிரியர் என் படத்தை அவர் போனில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிக் காட்டினார். "ஆன்லைன் கடையில இந்த சைஸ்லதாம்மா தெரியும். விமானம் ஈ மாதிரி இருக்கு. எடுத்துட்டு ஒரு பொண்ணு முகம் போட்டுடுங்க" என்றார். கதையில் பெண்ணே கிடையாது. அந்தச் சின்னச் சதுரத்தை அவர் என் முகத்துக்கு நேரே நீட்டியபடியே இருந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அட்டை செத்தது அங்கேதான் ஐயா.

ராணிப்பேட்டை ஆஃப்செட்

அச்சகத்தில் இருந்தவன். விண்கலம் போட்ட அட்டை ஒன்று வந்தது, திரையில் அருமையான நள்ளிரவு நீலம். அச்சில் கத்தரிக்காய் நிறத்தில் வந்து, வரைந்த பையன் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டான்.

அதனால் வரைகிறவர்களுக்குச் சொல்கிறேன். திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில் வரைந்துவிட்டுக் கடைசியில் அச்சுக்கான நான்கு மை நிறமான சிஎம்ஒய்கே-க்கு மாற்றாதீர்கள். ஆரம்பத்திலிருந்தே அச்சு நிறம் எப்படி வரும் என்று பார்த்துக்கொண்டே வரையுங்கள். பளிச்சென்ற நீலமும் பச்சையும் நான்கு மையில் கிடைக்கவே கிடைக்காது. வானம் முழுக்க நீலம் என்றால் மெஜந்தா (இளஞ்சிவப்பு) மையைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் ஊதா அடிக்கும். அச்சாகும் அளவிலேயே 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, இருக்க வேண்டும். சுற்றிலும் வெட்டில் போகும் கூடுதல் ஓரமாக 3 மி.மீ. ப்ளீட் விடுங்கள். இறக்கை நுனியை ஓரத்துக்குக் கொண்டுபோனால் கட்டிங்கில் போய்விடும். புத்தக முதுகு எத்தனை மி.மீ. என்று பக்க எண்ணிக்கையும் தாளும் முடிவான பிறகு கேளுங்கள், முன்னாலேயே ஊகித்து விமானத்தின் மூக்கை முதுகில் மடக்கிவிடாதீர்கள். பளபளப்பில்லாத மேட் லேமினேஷன் போட்டால் இருட்டுப் பகுதியில் இருக்கிற நுணுக்கமெல்லாம் அமுங்கிப்போகும். நிழலை ஒரு படி தூக்கியே கொடுங்கள். இப்போது ஐம்பது, நூறு என்று டிஜிட்டலில் போடுகிறார்கள், ஒவ்வொரு முறையும் நிறம் கொஞ்சம் மாறும். ஒரு பிரதி ப்ரூஃப் கையில் வாங்காமல் சரி சொல்லாதீர்கள்.

அதைவிட முக்கியம், எழுத்தில் வாங்குங்கள். அட்டையை மாற்றினால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், மாற்றினாலும் பேசிய தொகை தர வேண்டும், உள்பக்கத்தில் ஓவியர் பெயர் வர வேண்டும். மூன்று வரி மெயில் போதும். "தெரிஞ்சவர்தானே" என்று விட்டால் அரக்கோணம் தம்பிக்கு நடந்ததுதான் நடக்கும்.

காட்பாடி ரயிலடி

இங்கே எல்லோரும் வரைகிறவர்கள் பக்கமிருந்து பேசுகிறீர்கள். நான் வெறும் வாசகன். நாவல்களைப் போனில்தான் படிக்கிறேன். திறந்தால் அது நேராக முதல் அத்தியாயத்துக்குப் போய்விடும், அட்டை கண்ணிலேயே படாது.

காட்பாடி பிளாட்பாரத்தில் வண்டி தாமதம். பக்கத்தில் ஒரு பெரியவர், மடியில் பழைய மாத நாவல், அட்டையில் ராக்கெட். நான் விழுந்து விழுந்து படிப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னா கதைப்பா?" என்று கேட்டு, தன் புத்தகத்தை மூடி அட்டையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நானும் காட்ட வேண்டும் என்று கை போனது. போனில் எழுத்து மட்டும்தான் இருந்தது. விண்வெளிக் கதை என்று வாயால் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

நிலா மேடம், பதிப்பாசிரியர் சொன்ன சின்னச் சதுரத்தைக்கூட நான் வாங்கும்போது ஒரு தடவைதான் பார்க்கிறேன். அதற்காக விமானத்தைத் தூக்கிவிட்டு முகம் போடுவது அநியாயம். ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு நீங்கள் வரைவது எப்படித்தான் வந்து சேரும்? அத்தியாயத் தொடக்கங்களில் கறுப்பு வெள்ளையிலாவது படம் போடச் சொல்லலாமே. தொடர்கதைக்கு வாராவாரம் படம் வந்ததே, அதுபோல.

சத்துவாச்சாரி வாசகர்

நிலா அம்மா, தகடு எங்கே மடங்கும் என்று தெரிந்தவர் கை என்று சொன்னீர்களே, அதை ஒப்புக்கொள்கிறேன். கதையைப் படிக்காமல் வரையலாம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பள்ளிக்கூடப் பெண் விசிறியைத்தான் தேடியது. எடை தெரிகிறதா என்று தேடவில்லை.

அரக்கோணத்தான்

ஐயா சொன்னதுதான் என் மனசுலயும் இருக்கு.

ஆஃப்செட் சார், மெயில் விஷயம் குறிச்சுக்கிட்டேன். மறுபதிப்பு வந்தா என் படத்தைப் போடச் சொல்லி நண்பர் கேட்டிருக்காரு. பாக்கலாம்னு மட்டும் சொல்லியிருக்காங்க. ரயிலடி சார் சொன்ன கறுப்பு வெள்ளைப் படத்தையும் அவர்கிட்ட சொல்றேன்.

நிலா, ஒரு உதவி. பிளெண்டர்ல விசிறியைச் சுத்தவிட்டு மோஷன் ப்ளர், அதான் சுத்துறப்ப வர்ற மங்கல், எடுத்துப் பார்த்தேன். டியூ-142 மாதிரியே முன்னாடி நாலு இதழ், பின்னாடி நாலு இதழ். ஆனா ரெண்டும் ஒண்ணாக் கலந்து ஒரே சாம்பல் தட்டாத் தெரியுது. எதிரெதிரா சுத்துறது பார்க்கறவங்களுக்குப் புரியணும். கோப்பை அனுப்பினா ஒரு பார்வை பார்ப்பீங்களா?