தடைக்காலத்தில் படித்த பாடம், ஜூன் 16-இல் பட்ட பாடு

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற கடலோர ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஓர் இறால் பதனிடும் கூடத்தில் நான் ஷிப்ட் மேற்பார்வையாளராக இருக்கிறேன். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. சரக்கு வராத அந்த நாட்களில் பயிற்சியை வைத்துவிடலாம் என்று எங்கள் நிர்வாகமும் நினைத்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன் மே மாதத்தில் இறால் உரிக்கும் பெண்களுக்கு இரண்டு நாள் வகுப்பு நடத்தியது. அரை மணிக்கு ஒருமுறை சோப்புப் போட்டுக் கை கழுவி, 20 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 20 பங்கு) குளோரின் கலந்த நீரில் முக்கி எடுக்க வேண்டும். உரித்த இறாலை மேசையில் குவித்து வைக்காமல் உடனே ஐஸில் போட்டு 4 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். இவைதான் பாடத்தின் சாரம்.

வகுப்பு முடிந்ததும் ஆளுக்கொரு கருத்துத் தாள் கொடுத்தார்கள். டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-இல் பயிற்சியை அளப்பதற்கு நான்கு படிகளைச் சொன்னார்: வந்தவர்களுக்கு அது பிடித்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலையில் நடந்துகொள்ளும் விதம் மாறியதா, அதனால் நிறுவனத்துக்கு என்ன விளைந்தது. எங்கள் தாள் முதல் படியைத் தாண்டவில்லை. அதிலும் அதிக மதிப்பெண் மதியச் சாப்பாட்டுக்குத்தான் விழுந்திருக்கும் என்பது என் ஐயம்.

ஜூன் 15 கடலுக்குப் போன படகுகள் மறுநாள் கரை சேர்ந்தன. பெட்டி பெட்டியாக இறால் இறங்கியதும் கூடம் பழைய கூடமாகவே ஆகிவிட்டது. மேசைகளில் உரித்த இறால் மலைபோல் குவிந்தது. கை கழுவும் தொட்டிப் பக்கம் ஒருவரும் போகவில்லை. ஒரு மாத இடைவெளியில் எல்லாம் மறந்துவிட்டார்கள், மறுபடியும் வகுப்பு வைக்க வேண்டியதுதான் என்று நான் சலித்துக்கொண்டேன். அந்த அவசர முடிவுக்காக இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எங்கள் கூடத்தில் எல்லோருமே லாத்தா (அக்கா) என்று கூப்பிடும் மூத்த தொழிலாளி ஒருவர் வேதாளையிலிருந்து வருகிறார். தேநீர் இடைவேளையில் அவரிடம் வகுப்பில் சொன்னதை ஒவ்வொன்றாகக் கேட்டேன். குளோரின் அளவு, ஐஸ், நேரம் எதிலும் அவர் தடுமாறவில்லை. "எல்லாம் ஞாபகம் இருக்குது தம்பி. ஒரு தடவை எந்திரிச்சுப் போய்க் கை கழுவிட்டு வந்தா அரைக் கிலோ போயிரும். கிலோவுக்குத்தானே கூலி போடுறீங்க?" என்றார். மேசைகள் ஒரு கோடியிலும் கை கழுவும் தொட்டி மறு கோடியிலும் இருந்தன. கற்றதை ஒழுங்காகக் கடைப்பிடிப்பவர் குறைந்த கூலியோடு வீட்டுக்குப் போகும்படி வேலையை நாங்களே அமைத்து வைத்திருந்தோம்.

கற்றது வேலைக்கு வந்து சேருவதைப் பற்றி பால்ட்வின், ஃபோர்டு என்ற இரு ஆய்வாளர்கள் 1988-இல் எழுதிய கட்டுரை, பயிற்சியின் அமைப்பு, பயில்பவரின் தன்மை ஆகியவற்றோடு வேலைச் சூழலையும் சேர்த்துப் பேசுகிறது. அதைப் பின்னால்தான் படித்தேன். லாத்தா எனக்கு அதை முன்பே சொல்லிவிட்டிருந்தார்.

ஒவ்வொரு மேசை ஓரத்திலும் கை கழுவக் குழாயும், பக்கத்தில் குளோரின் நீர்ப் பாத்திரமும் வைத்தோம். நிரம்பிய தட்டுகளை எடுத்துப்போய் எடைபோட்டு ஐஸில் சேர்ப்பதற்கென்று ஒரு பையனை நிறுத்தினோம். கழுவும் நேரத்துக்கு ஈடாகக் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கொடுக்க முதலாளியைச் சம்மதிக்க வைப்பதற்குத்தான் இரண்டு வாரம் ஆயிற்று. மற்றதெல்லாம் இரண்டு நாள் வேலை.

இதிலும் ஒரு கோளாறு வந்தது. பாத்திரத்தைக் காலையில் நிரப்பியதோடு கடமை முடிந்ததாக நினைத்திருந்தோம். ஒரு நாள் பதினொரு மணிக்கு அந்த நீரில் சோதனைத் தாளை நனைத்துப் பார்த்தால் அது வெள்ளையாகவே இருந்தது. கைகளோடு வரும் இறால் சாறும் அழுக்கும் குளோரினைத் தின்றுவிடுகின்றன. எனவே அடிக்கடி நீரை மாற்றினால்தான் பலன் உண்டு. மாற்றும் நேரத்தை எழுதச் சுவரில் ஒரு சிலேட்டு மாட்டினோம்.

வெப்பமானியின் கதை வேறு. வகுப்பில் அதைச் சரிபார்க்கவும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: ஒரு டம்ளரில் நொறுக்கிய ஐஸை நிரப்பிச் சிறிது நீர் ஊற்றி, முனை டம்ளரில் படாமல் நடுவில் வைத்தால் 0 காட்ட வேண்டும். ஆனால் விலை உயர்ந்த பொருள் என்பதால் அது அலுவலக அறையில் பூட்டிக் கிடந்தது. பயின்ற பெண்கள் அதை அதற்குப் பிறகு தொட்டதே இல்லை. இப்போது அது லாத்தாவின் மேசைக்கு மேல் கயிற்றில் தொங்குகிறது. இந்த ஆண்டு ஜூன் 16 அன்று முதல் பெட்டி உள்ளே வந்தபோது நான் வாய் திறப்பதற்கு முன்பே, "ஏழு காட்டுது தம்பி, முதல்ல ஐஸைக் கொண்டாரச் சொல்லுங்க" என்றார்.

அந்த ஏழு டிகிரி எங்கள் கூடத்துக்குள் ஏறியதல்ல. வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்குபவர்கள் ஒப்பந்த ஆட்கள்; மே மாத வகுப்புக்கு அவர்களில் ஒருவரைக்கூட நாங்கள் அழைத்திருக்கவில்லை.