ஃபோர்ஸ் பிளேட்டில் ஒரே நோயாளிக்கு நாளுக்கொரு எண்: எதை அறிக்கையில் வைப்பது?

கேள்வி (மறுவாழ்வுக்கூடம்)

வணக்கம். பக்கவாதத்திலிருந்து மீண்டு வருபவர்களை ஃபோர்ஸ் பிளேட்டில் (பாதம் தரையில் கொடுக்கும் விசையை அளக்கும் பலகை) 30 வினாடி நிற்க வைத்து, 1000 ஹெர்ட்ஸில் பதிகிறோம். நடைக்கு முழங்காலுக்குக் கீழே கட்டும் சென்சார், கூடவே 5 மீட்டர் அழுத்தப் பாய். அழுத்த மையம் (பாதங்களின் அழுத்தம் மொத்தமாக விழும் புள்ளி) ஓடிய பாதையின் மொத்த நீளம் ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் வெகுவாக மாறுகிறது. சிலருக்கு பெர்க் சமநிலைச் சோதனையின் மதிப்பெண் ஏறியும், தள்ளாட்டம் கூடியதாகக் காட்டுகிறது. நடையிலும் குழப்பம்: மெதுவாக நடப்பவர்களின் அடிகளைச் சென்சார் தவறவிடுகிறது, பாய் ஊன்றுகோலையும் பாதமாக எண்ணுகிறது. எங்கே சரிசெய்வது?

பதில் (அளவுகோல்)

முதலில் ஃபில்டரைப் பாருங்கள். பாதை நீளம் என்பது அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையிலான தூரங்களின் கூட்டல். 1000 ஹெர்ட்ஸில் வடிகட்டாமல் கூட்டினால், உடல் அசைவோடு மின் இரைச்சலும் ஒவ்வொரு புள்ளியிலும் சேர்ந்துவிடும். நான்காம் படி பட்டர்வொர்த் ஃபில்டர், 10 ஹெர்ட்ஸ் வெட்டு (அதற்கு மேலான அதிர்வுகளை அடக்கும் எல்லை), பிறகு 100 ஹெர்ட்ஸுக்குக் குறைப்பு என்று ஒன்றை முடிவுசெய்து, எல்லாப் பதிவுக்கும் அதையே வையுங்கள். மென்பொருள் பதிப்பு மாறும்போது இந்த அமைப்பு சத்தமில்லாமல் மாறிவிடுவதுண்டு. நீளத்துக்குப் பதில் சராசரி வேகத்தை, மி.மீ./வினாடியில், எழுதுங்கள், 28 வினாடியில் நின்றுபோன பதிவையும் ஓரளவு ஒப்பிடலாம்.

அடுத்து பிளேட். தயாரிப்பாளர் சொல்லும் நேரம் சூடேற விட்டு, ஆளில்லாமல் பூஜ்யமாக்குங்கள். நான்கு காலும் தரையில் சமமாக உட்கார்ந்திருக்க வேண்டும். கம்பளத்தின் மேல் வைத்த பிளேட்டை நம்பாதீர்கள். வாரம் ஒருமுறை, அடி சிறிதாக உள்ள 20 கிலோ எடையை நடுவிலும் நான்கு மூலைக்கு அருகிலும் குறித்த இடங்களில் வைத்து, திரையில் வரும் இடத்தை அளவுகோலோடு ஒப்பிடுங்கள். அழுத்த மையம் என்பது திருப்பு விசையைச் செங்குத்து விசையால் வகுத்து வருவது. அதனால் எடை குறையக் குறைய பிழை பெருகும். 10 கிலோவுக்குக் கீழே சோதித்துவிட்டு பிளேட்டைக் குறை சொல்லக் கூடாது.

பாத நிலை எல்லாவற்றையும்விட முக்கியம். குதிகால் இடைவெளி இரண்டு செ.மீ. மாறினாலே பக்கவாட்டுத் தள்ளாட்டம் மாறும். முதல் நாளே காகிதத்தில் பாத வரையை எடுத்து, பெயரெழுதி கோப்பில் வையுங்கள்; அடுத்த முறை அதே காகிதம் பிளேட்டின் மேல். காலடியில் மென்மையான ஃபோம் மெத்தை போடுவதானால் அதை வைத்த பிறகே பூஜ்யமாக்க வேண்டும். கனமானவர் ஏறினால் அடிவரை அமுங்கும் பழைய ஃபோம், ஃபோமே அல்ல.

பதில் (நிலைநிறுத்து)

மேலே சொன்னது எல்லாம் சரி. ஒன்றைச் சேர்க்கணும்: பக்கத்தில் நிற்பவரின் கை. விரல் நுனியால் 1 நியூட்டனுக்கும் குறைவாகத் தொட்டாலே தள்ளாட்டம் குறையும். அந்த அளவு விசை உடலைத் தாங்காது. ஆனால் தான் எங்கே இருக்கிறோம் என்ற தகவலைத் தோல் வழியாகக் கொடுத்துவிடும். இடுப்புப் பட்டையைப் பிடித்த கையும் அப்படித்தான் வேலை செய்யலாம். போன வாரம் பிடித்து, இந்த வாரம் விட்டிருந்தால் உங்க எண் ஏறத்தான் செய்யும். கையைப் பட்டைக்குச் சற்றுத் தள்ளி, தொடாமல் வைங்க. மேலே கட்டிய பாதுகாப்புப் பட்டை இருந்தால் செங்குத்து விசை உடல் எடைக்குச் சமமா என்று பாருங்க. குறைந்தால் பட்டை தாங்குகிறது, அந்தப் பதிவு வேண்டாம்.

பெர்க் ஏறியும் தள்ளாட்டம் கூடுவது முரண் இல்லை. பயந்தவர் உடலை இறுக்கி நிற்பார், வரைபடம் சின்னதாக வரும். பார்க்கின்சனில் இயல்பைவிடக் குறைந்த தள்ளாட்டமும் வரலாம். பக்கவாதத்தில் நல்ல காலிலேயே சாய்ந்து அசையாமல் நின்றவர், பாதித்த காலுக்கு எடையை மாற்றத் தொடங்கும்போது அலைவு கூடலாம். "குறைந்தால் நல்லது" என்று படிக்கிற அறிக்கை இவர்களுக்கு அநியாயம் செய்யும். முடிந்தால் இரண்டு பிளேட், காலுக்கொன்று. இரு காலிலும் விழும் எடையின் சதவீதத்தையும் எழுதுங்க. கண் திறந்து, கண் மூடி, இரண்டும் வேணும். கண் உயரத்தில் ஒரு புள்ளி, பேச்சு கூடாது. முதல் பதிவைப் பழக்கத்துக்கு விட்டு, அடுத்த மூன்றின் சராசரியை எடுங்க.

பதில் (அடிக்கணக்கு)

நடைக்கு வருகிறேன். கீழ்க்காலில் கட்டும் சென்சார் பெரும்பாலும் கால் வீசும்போது எழும் சுழற்சி வேகத்தின் உச்சத்தைத் தேடி, அதற்குப் பின் வரும் பள்ளத்தைக் குதிகால் தரைதொடலாக எடுத்துக்கொள்கிறது. காலை இழுப்பவரிடம் உச்சம் தாழ்ந்திருக்கும். விரல் முதலில் படுபவரிடம் பள்ளமே மங்கியிருக்கும். உச்சமாக ஏற்கும் குறைந்தபட்ச அளவை (வாசலளவை) குறைத்து, வீடியோவோடு முதல் சில அடிகளைக் கையால் சரிபாருங்கள். கணுக்கால் பிரேஸின் மேல் கட்டினால் சென்சார் அதிரும், தோலை ஒட்டியே கட்டுங்கள். தொடங்கும் முன் சில வினாடி அசையாமல் நிற்கச் சொன்னால் கைரோவின் (சுழற்சி வேகத்தை அளக்கும் பகுதி) பூஜ்யப் பிசகைக் கழிக்கலாம். காந்தமானி சேர்ந்த சென்சாராக இருந்தால் இரும்புக் கைப்பிடிகளுக்கு இடையே திசைக் கோணத்தை நம்ப வேண்டாம்.

பாயில் நாலு கால் ஊன்றுகோலின் சுவடுகளை ஒவ்வொன்றாக அழிப்பதைத் தவிர வழியில்லை. இழுத்த கால் இரண்டு சுவடாகவும் பிரியும்; அதையும் பாருங்கள்.

அடி நேர மாறுபாட்டை 5 மீட்டர் ஒரு தடவை நடந்ததிலிருந்து எழுதாதீர்கள். இரட்டை அடிக்கு (ஒரே கால் மறுபடி தரை தொடும் வரை) 1.1 வினாடி, மாறுபாடு 2 சதவீதம் என்றால் அது 22 மில்லிவினாடி. 100 ஹெர்ட்ஸ் சென்சாரின் ஒரு படியே 10 மில்லிவினாடி. திருப்பங்களை வெட்டிவிட்டு, பல சுற்றுகளில் குறைந்தது 30 இரட்டை அடிகளாவது சேர்ந்த பிறகுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். நடைவேகம் அவ்வளவு கேட்காது: 10 மீட்டரில் முன்னும் பின்னும் 2 மீட்டரை விட்டு நடு 6 மீட்டருக்கு ஸ்டாப்வாட்ச். 10 வினாடி ஆனால் 0.6 மீட்டர்/வினாடி.

கேள்வி கேட்டவர்

நன்றி. எவ்வளவு மாறினால் நிஜ மாற்றம் என்று எடுப்பது?

பதில் (அளவுகோல்)

உங்கள் பிளேட்டிலேயே கண்டுபிடியுங்கள். நிலைமை மாறாத 15–20 பேரை இரண்டு நாள் இடைவெளியில், இதே விதிமுறையில், இருமுறை அளந்து, வித்தியாசங்களின் திட்டவிலக்கத்தை 1.96-ஆல் பெருக்குங்கள். திட்டவிலக்கம் 3 மி.மீ./வினாடி என்றால், ஒரு நோயாளிக்கு 6-க்குக் கீழான மாற்றத்தை முன்னேற்றம் என்றோ சரிவு என்றோ எழுத வேண்டாம். கண் மூடிய நிலைக்குத் தனிக் கணக்கு. அது பெரிதாகவே வரும்.