பங்குல மாற்றம் வேணும்னு 14 பேர் சேர்ந்தோம், இப்ப "சாமியாருக்கு எதிரி"ன்னு பேராயிடுச்சு, என்ன செய்யலாம்?

கெபித்தெரு

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்க ஊரு தெக்க, சுமார் 600 குடும்பம் இருக்கற கத்தோலிக்கப் பங்கு (ஒரு கோயிலச் சேந்த சபை). 2022ல சினடுக்காக (ரோம்ல நடக்கற மாமன்றத்துக்கு எல்லார்ட்டயும் கருத்து கேட்டது) அன்பியம் அன்பியமா (பக்கத்துப் பக்கத்து வீடுங்க சேந்த செபக்குழு) உக்காந்து பேசுனோம்ல, அப்ப எங்க பங்குலயும் நடந்துச்சு. பூசைக்கு வந்துட்டு வாயே தெறக்காம போற ஆட்களெல்லாம் அன்னைக்கு பேசுனாங்க, ஒரு பாட்டி "என் பேரன் ஏன் கோயிலுக்கு வரலன்னு எந்தச் சாமியாரும் கேட்டதில்ல"ன்னு அழுதுட்டாங்க. எல்லாத்தையும் எழுதிக் குடுத்தோம். அதோட சரி, ஒரு பதிலும் வரல.

அதுக்கப்புறம்தான் நாங்க 14 பேர் மாசம் ஒருதடவ கூட ஆரம்பிச்சோம், செபமாலை சொல்லி முடிச்சிட்டு பேசுவோம். நாங்க கேக்கறது ரொம்பப் பெருசு இல்ல. பங்குப் பேரவை கூடி ரெண்டு வருசமாச்சு, அதக் கூட்டணும். மண்டபத்துக்குன்னு வசூல் பண்ண காசுக்கு கணக்கு வாசிக்கணும். மறைக்கல்விக்கு (வேதபாட வகுப்பு) புள்ளைங்க வரதுக்கு ஏதாவது செய்யணும். இத ஒரு லெட்டரா எழுதி 14 பேரும் கையெழுத்துப் போட்டு ஃபாதர் கையில குடுத்தோம், அடுத்த ஞாயிறு பிரசங்கத்துல "பங்கப் பிரிக்கறவங்க"ன்னு பேரு சொல்லாம பேசிட்டார். எங்கம்மாவே "சாமியார எதுத்தா குடும்பத்துக்கு ஆகாதுப்பா, விட்ரு"ங்கறாங்க. எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல, கோயில் உசுரோட இருக்கணும் அவ்ளோதான். இந்த மாதிரி செஞ்சு பாத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

பழைய பேரவைச் செயலர்

தம்பி, நான் பேரவையில ஒன்பது வருசம் செயலரா இருந்தவன், ரிட்டயர்ட் வாத்தியார். முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, நீங்க கேட்டது எதுவும் தப்பில்ல. 1983 திருச்சபைச் சட்டத்துல 212ஆம் விதி, திருச்சபையோட நன்மைக்காக தங்க கருத்த மேய்ப்பர்கள்ட்ட சொல்றது விசுவாசிகளோட உரிமை, சில நேரம் கடமையும்கூடன்னு சொல்லுது, ஆனா மேய்ப்பர்களுக்குரிய மரியாதையோட சொல்லணும்னும் அதே விதி சொல்லுது. 1964லயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னதுதான் இது.

இப்ப பேரவைக்கும் நிதிக்குழுவுக்கும் உள்ள வித்தியாசத்தப் புரிஞ்சுக்கணும், முக்கால்வாசி பேர் இங்கதான் தடுக்கி விழறாங்க. பேரவை (536ஆம் விதி) ஆயர், அதாவது பிஷப், தேவைன்னு முடிவு பண்ணா வைக்கறது, அதுவும் ஆலோசனை சொல்ற அமைப்புதான், ஓட்டுப் போட்டு பங்குத்தந்தையக் கட்டுப்படுத்த முடியாது. நிதிக்குழு அப்படி இல்ல, 537ஆம் விதிப்படி ஒவ்வொரு பங்குலயும் இருந்தே ஆகணும். அதுபோக ஒரு குறிப்பிட்ட காரியத்துக்குன்னு மக்கள் குடுத்த காசு அந்தக் காரியத்துக்குத்தான் போகணும் (1267), மக்கள் குடுத்த காணிக்கைக்கு மக்களுக்குக் கணக்கு சொல்லணும் (1287). அதனால "கணக்கு குடுங்க"ன்னு கேக்கறதுக்குப் பதிலா "நிதிக்குழு யார் யாரு ஃபாதர், கூட்டம் எப்ப"ன்னு கேளுங்க. சந்தேகப்படற மாதிரி இருக்காது, ஆனா பதில் சொல்லித்தான் ஆகணும்.

இன்னொண்ணு, எங்க அனுபவத்துல சொல்றேன், 14 கையெழுத்து போட்ட லெட்டரப் பாத்தா எந்த மனுசனுக்கும் பயம்தான் வரும். முதல்ல ரெண்டு பேர் போய் உக்காந்து பேசியிருக்கணும். எங்க பங்குல ஒரு ஃபாதருக்கு கணக்கு எழுதவே தெரியல, ஒளிக்கறார்னு நாங்க நெனச்சோம், கடைசில பாத்தா ரசீதெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுல கெடக்கு. பேங்க்ல வேல பாத்த ஒரு அண்ணன் ரெண்டு மாசம் கூட உக்காந்து சரி பண்ணிக் குடுத்தார், அதுக்கப்புறம் அந்த ஃபாதரே வருசாவருசம் பூசை முடிஞ்சதும் கணக்கு வாசிச்சார்.

பாஸ்டன்ல இருந்து

அண்ணே, நான் பத்து வருசமா பாஸ்டன் பக்கம் இருக்கேன். இங்க 2002ல நடந்தத இந்த ஊர் ஆட்கள் இன்னும் பேசுவாங்க. சின்னப் புள்ளைங்கள சீரழிச்ச குருக்கள மறைமாவட்டம் இடம் மாத்தி இடம் மாத்தி மூடி மறைச்சது அந்த ஜனவரி பாஸ்டன் குளோப் பேப்பர்ல வந்துச்சு. வெல்லஸ்லிங்கற ஊர்ல ஒரு கோயில் அடித்தளத்துல சில பேர் கூடி அழுது பேச ஆரம்பிச்சாங்க, அதுல ஜேம்ஸ் முல்லர்னு ஒரு இதய டாக்டர், 1985ல நோபல் அமைதிப் பரிசு வாங்குன மருத்துவர் அமைப்பத் தொடங்குனவங்கள்ல ஒருத்தர். அந்தக் கூட்டம்தான் வாய்ஸ் ஆஃப் த ஃபெய்த்ஃபுல். ஜூலைக்குள்ள மாநாட்டுக்கு 4000 பேர் கிட்ட வந்துட்டாங்க.

அவங்க குறிக்கோள் மூணு: பாதிக்கப்பட்டவங்களுக்குத் துணை, நேர்மையான குருக்களுக்குத் துணை, அமைப்பு முறைல மாற்றம். அந்த ரெண்டாவதத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அவங்களையும் எதிரிங்கன்னாங்க, சில மறைமாவட்டங்கள்ல கோயில் இடத்துல கூடவே கூடாதுன்னு தடை போட்டாங்க. ஆனா அந்த டிசம்பர்ல பாஸ்டன் பேராயர் கர்தினால் லா பதவி விலகணும்னு 58 குருக்களே கையெழுத்துப் போட்டாங்க, சில நாள்ல அவர் விலகிட்டார். நல்ல குரு எத்தனையோ பேர் தனியா நின்னு தவிச்சுட்டு இருந்திருக்காங்க அண்ணே, நாம போய் நின்னாத்தான் அவங்களுக்கும் வாய் வரும். உங்க உதவிப் பங்குத்தந்தைட்ட பேசிப் பாத்தீங்களா?

அன்பியம்_அக்கா

தம்பி கோச்சுக்காத, உங்க 14 பேர்ல பொம்பளைங்க எத்தனை பேர்? கோயில் கூட்டறது, பூ வைக்கறது, அன்பியம் நடத்தறது, நோயாளி வீட்டுக்குப் போறது எல்லாம் நாங்கதான். முடிவெடுக்கற எடத்துல மட்டும் வேட்டி கட்டுனவங்க. 2023 அக்டோபர்ல ரோம்ல நடந்த அதே சினடு மாமன்றத்துலயே மொத முறையா பொம்பளைங்க 54 பேருக்கு ஓட்டு இருந்துச்சு, நம்ம ஊர் பேரவைக்கு மட்டும் என்ன?

நாங்க லெட்டரே எழுதல. வீடு வீடா போனோம், யார் வீட்ல பேரன் வரல, ஏன் வரலன்னு கேட்டோம். ஞாயித்துக்கிழம காலைல டியூஷன் வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுது, மறைக்கல்விய சாயங்காலத்துக்கு மாத்துனோம், பாதிப் புள்ளைங்க திரும்ப வந்துடுச்சு. அதப் பாத்த ஃபாதர் அவராவே எங்களக் கூப்புட்டு உக்கார வச்சார்.

மேலத்தெரு இல்ல கீழத்தெரு

நான் கேக்கறது எல்லாருக்கும் கஷ்டமா இருக்கும், ஆனா கேட்டே ஆகணும். அந்த 14 பேரும் ஒரே தெருவா? எங்க ஊர்ல இதே மாதிரி ஒரு குழு, பொதுநிலையினர் (குருக்கள் இல்லாத சாதாரண விசுவாசிங்க) உரிமைன்னு நல்லா பேசுனாங்க, ஆனா எங்க தெரு வழியா தேர் வரணும்னு நாங்க கேட்டப்ப அதே ஆளுங்க "வழக்கம் இல்லியே"ன்னாங்க. கல்லறைத் தோட்டத்துல நடுவுல இன்னும் கோடு இருக்கு. 2016 டிசம்பர்ல இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்குன்னு ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டுச்சு, நாட்டுல 1.9 கோடி கத்தோலிக்கர்ல 1.2 கோடி பேர் தலித்துன்னு அதுலயே இருக்கு. அதப் பத்தி எத்தனை பங்குல பேசியிருக்காங்க? சாமியார்ட்ட கணக்கு கேக்கறதுக்கு முன்னாடி நம்ம கூட்டத்துல யாரு இல்லன்னு பாருங்க. எங்க ஆளுங்க பத்து பேர் வந்து உக்காந்தா அந்தக் குழுவ யாரும் சாமியார் எதிரின்னு சொல்ல முடியாது, அது பங்கேதான்.

கெபித்தெரு

எல்லார்க்கும் நன்றி, ரெண்டு நாளா திரும்பத் திரும்பப் படிச்சேன். அக்கா, மூணு பேர்தான் பொம்பளைங்க, உண்மைய ஒத்துக்கறேன். கடைசியா எழுதுன நண்பா, நீங்க சொன்னது நெஞ்சுல குத்துச்சு. 14ல 13 பேர் எங்க தெரு. நாங்க யாரையும் வேணாம்னு சொல்லல, ஆனா கூப்புடவும் இல்ல, இது எங்க தப்பு. நேத்து கூடிப் பேசுனோம், அடுத்த கூட்டம் எங்க வீட்டு மாடில இல்ல, காலனி அன்பியத்துல. அங்க இருக்கற அக்காவப் போய்ப் பாத்துக் கேட்டோம், "வாங்க, ஆனா நாங்க பேசறதத்தான் மொதல்ல கேக்கணும்"னாங்க, சரின்னுட்டோம்.

வாத்தியார் சார், ஃபாதரப் பாக்க நானும் எங்க அண்ணனும் மட்டும் வியாழக்கிழம போறோம், எங்க அண்ணன் ஆடிட்டர் ஆபீஸ்லதான் வேல பாக்கறான், ரசீது அடுக்கித் தரேன்னு அவனே சொல்லிட்டான். ஒரு சந்தேகம் மட்டும், எங்க பங்குல நிதிக்குழுவே இல்லன்னு ஃபாதர் சொல்லிட்டா அடுத்து வட்டார முதன்மை குருட்ட (சுத்துப்பட்டுப் பங்குகளப் பாத்துக்கறவர்) போகலாமா, இல்ல அவரே ஆரம்பிக்கறதுக்கு கொஞ்சம் டைம் குடுக்கணுமா?

பழைய பேரவைச் செயலர்

டைம் குடுங்க தம்பி. நிதிக்குழுவுக்கு நாலு பேரு பேர நீங்களே எழுதிட்டுப் போங்க, அதுல ரெண்டு காலனில இருந்து, ஒண்ணாவது பொம்பள. நியமிக்கறது அவர் கையால நடக்கட்டும். ரெண்டு மாசம் பாத்தும் ஒண்ணும் நடக்கலன்னா முதன்மை குருவப் பாருங்க, ஆனா போறதுக்கு முன்னாடி ஃபாதர்ட்ட சொல்லிட்டே போங்க.