அம்மாவின் யூரின் கல்ச்சரில் வரிசையாக ‘ஆர்’, குளிசையே இல்லையா?

கல்லடிப்பிள்ளை:
அம்மாவுக்கு 68 வயது, சீனி வருத்தம் இருக்கிறது. ஆறு மாதத்தில் மூன்றாவது தடவையாகச் சலக்கடுப்பு. முதல் இரண்டு தடவையும் சந்திப் பாமசியில் சொல்லி ஒரு காட் சிப்ரோ அன்டிபயோட்டிக் வாங்கிக் கொடுத்தேன், எரிவு நின்றதும் அம்மா நிறுத்திவிட்டா, மிச்சக் குளிசை பழைய பால்மா டின்னுக்குள் போய்விடும். இந்த முறை அந்த மருந்துக்குக் கேட்கவில்லை, குளிர்நடுக்கமும் சேர்ந்துவிட்டது. சலத்தில் இருக்கிற கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் ரிப்போட்டில் ஈ.கோலை என்ற கிருமி, ‘ஈஎஸ்பிஎல்’ என்று போட்டு, சிப்ரோ, செஃபலெக்சின், செஃப்யூரொக்சிம் எல்லாவற்றுக்கும் நேரே ‘ஆர்’, அதாவது கேட்காது. மெரோபெனம் மாதிரி இரண்டு மூன்று ஊசிக்குத்தான் ‘எஸ்’, கேட்கும் என்று. வார்டில் நிற்கவேணுமாம், அம்மா மாட்டேன் என்கிறா. இதைவிடப் பவர் கூடின குளிசை இல்லையா? அம்மாவின் உடம்புக்கு மருந்து பழகிவிட்டதா?

அக்கரைப்பற்று பாமசிக்காரன்:
தங்கச்சி, பழகினது அம்மாவின் உடம்பு இல்லை, கிருமி. ஈஎஸ்பிஎல் என்பது கிருமி செய்கிற நொதியம், பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகளை வேலை செய்ய முதலே உடைத்துவிடும், போதாததற்கு அந்த வித்தையைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுக்கும். சிப்ரோ வேறு வகை, ஆனால் இந்தக் கிருமிகளில் பலதுக்கு அதுவும் வேலை செய்யாது. இதில் பவர் என்று ஒன்றில்லை, எந்தக் கிருமிக்கு எது கேட்கும் என்பதுதான். சட்டப்படி டொக்டரின் துண்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் கொடுக்கக்கூடாது. கொடுக்காவிட்டால் ‘பக்கத்துக் கடையில் தருவான்’ என்று சண்டை. சரி, நானும் சுத்தமில்லை, குளிசைக் காட்டைக் கத்தரியால் வெட்டி ஆறு குளிசையைக் கடதாசிப் பையில் போட்டுக் கொடுத்த காலம் எனக்கும் உண்டு.

செங்கலடி கோழி:
மனிசரை மட்டும் ஏசாதீங்க. நான் புறொயிலர் வளர்த்தவன். நாலு குஞ்சு சுருண்டால் கூடு முழுக்கக் குடிக்கிற தண்ணியில் என்ரோஃப்ளொக்சசின் கலப்போம், சுகமான குஞ்சும் குடிக்கும். அது சிப்ரோவின் சொந்தக்காரன், கோழியின் உடம்புக்குள் ஒரு பங்கு சிப்ரோவாகவே மாறும். மருந்து நிறுத்தி எத்தனை நாளுக்குப் பிறகு விற்கலாம் என்று போத்தலில் இருக்கும். இறைச்சி விலை ஏறின கிழமையில் அதை யார் வாசிக்கிறது?

களுவாஞ்சிக்குடி நேர்ஸ்:
மற்றதெல்லாம் மறுகா பேசலாம், அம்மாவை இன்றைக்கே கொண்டு போங்க. சீனி வருத்தம், குளிர்நடுக்கம், கிருமி இரத்தத்தில் ஏறினால் மணித்தியாலக் கணக்குத்தான். மருந்து கேட்காத பக்றீரியாவால் நேரடியாகவே 2019இல் உலகம் முழுக்க 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் செத்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள், இது எங்கேயோ நடக்கிற கதை இல்லை. இன்னொன்று, சுகமான பிறகு எரிவோ காய்ச்சலோ இல்லாமல் சும்மா கல்ச்சர் செய்துபோட்டு ‘கிருமி இருக்கு, மருந்து தாங்க’ என்று கேட்காதீங்க. வயதானவர்களுக்கு அப்படிக் கிருமி இருப்பது சாதாரணம், அநேகமாக மருந்தே தேவையில்லை.

கல்லடிப்பிள்ளை:
கொண்டுவந்துவிட்டேன், இரண்டாவது ஊசியும் ஏற்றியாச்சு, நடுக்கம் நின்றுவிட்டது, சாப்பாடு சரியில்லை என்று அம்மா ஏசத் தொடங்கிவிட்டா. வீட்டில் டின்னைக் கொட்டிப் பார்த்தேன், எட்டு சிப்ரோ, மகனின் அமொக்சிசிலின் ஐந்து, பெயர் அழிந்த பச்சைக் கப்சியூல் மூன்று. இதை எங்கே போடுவது, வாவியிலா?

அக்கரைப்பற்று பாமசிக்காரன்:
ஐயோ, வாவியில் வேண்டாம், அங்கே இருக்கிற கிருமியும் பழகும். ஆஸ்பத்திரிப் பாமசியில் கேட்டுப் பாருங்க, எடுத்தால் அப்படியே கொடுத்துவிடுங்க.