சீன மாஸ்டர் "ஓப்பன் தி மெஷின்" என்கிறார், எப்படிப் புரியவைப்பது?

லைன் நம்பர் 2:

எல்லோருக்கும் வணக்கம். ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஷூவின் மேல்தோலை அச்சில் இழுத்துப் பசை போட்டு ஒட்டுகிற எங்கள் லாஸ்டிங் செக்‌ஷனுக்குச் சீனாவின் குவாங்டொங் மாகாணத்திலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்திருக்கிறார், ஐம்பது வயசு இருக்கும், எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். வேலையில் புலி. நான் பி.ஏ. இங்கிலீஷ் என்று யாரோ போட்டுக்கொடுத்ததால், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அரைமணி நேரம் அவருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது.

போன வாரம் காலையில் "ஓப்பன் மெஷின், ஓப்பன் மெஷின்" என்று கத்தினார். அவர் சொன்னது மெஷினை ஆன் செய் என்று. எங்கள் ஃபிட்டர் பையன் ஸ்பேனரை எடுத்து சைடு கவரின் நாலு போல்ட்டையும் கழற்றிக் கீழே வைத்துவிட்டான். அது கூடப் பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போனோம். அன்றைக்குச் சாயங்காலம் "க்ளோஸ் மெஷின்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பையன் கவரை மூடினான், துணியையும் போர்த்தினான், வீட்டுக்குப் போய்விட்டான். ஹீட்டர் ராத்திரி முழுக்க ஓடி, காலையில் வந்து பார்த்தால் பசை நாசிலுக்குள் கருகிக் கெட்டியாகிக் கிடக்கிறது. அரை ஷிஃப்ட் போச்சு.

அவரிடம் தப்பு என்று சொன்னேன். உடனே, "ஓப்பன் வால்வ் ஓகே, ஓப்பன் டோர் ஓகே, வொய் ஓப்பன் மெஷின் நோ ஓகே?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. சொன்னால் மனசில் நிற்கிற மாதிரி ஏதாவது வழி இருக்கிறதா?

குடியாத்தம் வாத்தியார்:

தம்பி, 30 வருஷம் இங்கிலீஷ் எடுத்தவன் சொல்கிறேன், உங்கள் மாஸ்டர் கேட்டது நல்ல கேள்வி. மூடிக்கிடந்தது விலகி, உள்ளே போகவோ பார்க்கவோ எடுக்கவோ வழி உண்டானால் ஓப்பன். கதவு, பாட்டில் மூடி, குடை, கண், கடிதம், கம்ப்யூட்டரில் ஃபைல், எல்லாம் அப்படித்தான். வால்வும் அதே, உள்ளே இருக்கிற அடைப்பு விலகித் தண்ணீருக்கு வழி விடுகிறது. லைட்டில் எதுவும் விலகி வழிவிடுவதை நாம் பார்ப்பதில்லை, அது எரிய ஆரம்பிக்கிறது, அவ்வளவுதான். அதற்கு டர்ன் ஆன், ஸ்விட்ச் ஆன். மெஷின் என்றால் ஸ்டார்ட் என்றும் சொல்லலாம்.

அவருக்கு ஒரு லேப்டாப்பை வைத்துக் காட்டுங்கள். "ஓப்பன் தி லேப்டாப்" என்று சொல்லி மூடியைத் தூக்குங்கள், திரை கறுப்பாகவே இருக்கட்டும். அப்புறம் "டர்ன் ஆன் தி லேப்டாப்" என்று சொல்லிப் பட்டனை அழுத்துங்கள். இரண்டும் வேறு வேலை என்று கண்ணால் பார்த்தால் மறக்க மாட்டார்.

இன்னொன்று, "டர்ன் ஆன் தி லைட்", "டர்ன் தி லைட் ஆன்" இரண்டுமே சரி. ஆனால் 'இட்' வந்தால் நடுவில்தான் உட்காரும்: "டர்ன் இட் ஆன்". "டர்ன் ஆன் இட்" என்று அவர் கண்டிப்பாகச் சொல்வார், தயாராக இருங்கள்.

வெயிலூர்க்காரன்:

நாம மட்டும் இன்னாவாம்? "ஆன் தி ஃபேன்" என்று சொல்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு அவரைத் திருத்துகிறோம் :)

காட்பாடி ஜங்ஷன்:

சீனாவில் எம்.பி.பி.எஸ். படித்தவள் என்பதால் இதில் கொஞ்சம் பேசலாம். அவர் மனசில் ஓடுகிற சொல் 'கை'. உச்சரிப்பும் ஏறக்குறைய நம் கை, கால் கைதான். கதவைத் திறப்பது கை மென், லைட்டைப் போடுவது கை தெங், வண்டி ஓட்டுவதற்கும் கைதான், கூட்டம் போடுவதற்கும் கைதான், டாக்டர் மருந்து எழுதிக்கொடுப்பதற்கும், கடைக்காரர் பில் போடுவதற்கும், பூ பூப்பதற்கும் எல்லாவற்றுக்கும் ஒரே கை. ஸ்விட்சுக்கே கைகுவான் என்று பெயர், அதாவது திறப்பு மூடல். டிக்‌ஷனரியில் 'கை' என்று பார்த்தால் முதலில் நிற்பது ஓப்பன், பாவம் அவர் அதையே எல்லா இடத்திலும் ஒட்டுகிறார். தண்ணீர் கொதித்தாலும் கைதான். ஹாஸ்டலில் ஒரு சீனப் பெண் ஃபிளாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு "யூ வான்ட் ஓப்பன் வாட்டர்?" என்று கேட்டபோது, திறந்த தண்ணீரா, ஈ மொய்த்திருக்குமே என்று வேண்டாம் என்றுவிட்டேன். அது கொதிக்கவைத்த தண்ணீர் என்று புரிய ஒரு வாரம் ஆனது.

பழைய எழுத்தில் 'கை'யைப் பார்த்தால் இரட்டைக் கதவு படமாகவே இருக்கும், தைவானிலும் ஹாங்காங்கிலும் இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள். சீனாவில் எழுத்தைச் சுருக்கியபோது கதவை எடுத்துவிட்டார்கள். ஆக அந்தச் சொல் புறப்பட்ட இடம் கதவு, அப்புறம் எங்கெங்கோ போய்விட்டது.

நமக்கும் இப்படி ஒன்று உண்டு, 'போடு'. லைட் போடு, டீ போடு, சண்டை போடு, பில் போடு, மீட்டிங் போடு. இதையெல்லாம் 'புட்' என்று இங்கிலீஷில் சொன்னால் எப்படி இருக்கும்? "புட் தி டீ" என்று நம் ஆட்கள் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். அதை அவரிடம் சொல்லுங்கள், நம் மேலும் தப்பு இருக்கிறது என்று தெரிந்தால் கூச்சம் போய்விடும்.

குடியாத்தம் வாத்தியார்:

அருமையம்மா. இது எனக்குத் தெரியாது. அப்படியானால் கடைப் பலகையிலும் தடுமாறுவார். "தி ஷாப் இஸ் ஓப்பன்" என்பதுதான் சரி, "இஸ் ஓப்பன்ட்" இல்லை. ஆனால் மூடியிருந்தால் "இஸ் க்ளோஸ்ட்". ஒன்றுக்கு வால் இல்லை, மற்றதற்கு உண்டு, கேட்டால் இங்கிலீஷ்காரன் வழக்கு அப்படி. ஒருவர் வந்து திறந்துவைத்தார் என்று நிகழ்ச்சியைச் சொன்னால் மட்டும் "வாஸ் ஓப்பன்ட்" வரும்.

காட்பாடி ஜங்ஷன்:

ஆமாம் சார், சீனத்தில் வினைச்சொல் காலத்துக்கு மாறவே மாறாது. நேற்று, நாளை என்று பக்கத்தில் சேர்ப்பார்கள், முடிந்ததற்குப் பின்னால் ஒரு 'ல' போடுவார்கள். அதனால் இந்த வால் விவகாரம் அவர்களுக்குத் தலைவலிதான்.

பேனல் போர்டு:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் எலக்ட்ரீஷியன். தயவுசெய்து அவரை பேனல் பக்கத்தில் 'ஓப்பன்' என்ற சொல்லையே எடுக்கவிடாதீர்கள். எங்கள் வேலையில் பிரேக்கர், அதாவது கரண்டைச் சேர்க்கவும் துண்டிக்கவும் இருக்கிற ஸ்விட்ச், ஓப்பன் என்றால் காண்டாக்ட் விலகிவிட்டது, கரண்ட் இல்லை, பச்சை விளக்கு. க்ளோஸ் என்றால் சேர்ந்துவிட்டது, கரண்ட் ஓடுகிறது, சிவப்பு விளக்கு. அவர் "க்ளோஸ்" என்று ஆஃப் செய்யச் சொல்ல, நம் ஆள் பிரேக்கரை க்ளோஸ் செய்துவைக்க, உள்ளே ஒருவன் கை வைத்திருந்தால் கதை முடிந்தது.

வாத்தியார் சொன்ன வழிவிடுகிற கணக்கு வால்வுக்குச் சரி. பிரேக்கருக்குப் பாம்பன் தூக்குப்பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள், பாலம் திறந்தால் ரயில் நிற்கும். ஆன், ஆஃப் இரண்டு சொல் போதும். மெஷின் மேல் ஒட்டிவிடுங்கள்.

லைன் நம்பர் 2:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாகச் செய்து பார்த்தேன். லேப்டாப் நன்றாகவே வேலை செய்தது, அவரே மூடியைத் தூக்கி "ஓப்பன்", பட்டனை அழுத்தி "டர்ன் ஆன்" என்று நாலு தடவை சொன்னார். பேனல் அண்ணன் சொன்ன மாதிரி ஒவ்வொரு மெஷினிலும் ஆன், ஆஃப் என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டோம், கீழே சீனத்தில் அவரே மார்க்கரால் எழுதினார்.

'போடு' கதையைச் சொன்னதுதான் வினையாகிவிட்டது. மனுஷனுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துப்போய் நோட்டில் எழுதிக்கொண்டார். நேற்று முழுக்க "லைட் போடு, மெஷின் போடு" என்று லைனில் ஒரே சிரிப்பு. சாயங்காலம் கையில் இரண்டு பெட்டியோடு ஸ்டோர் ரூம் வாசலில் நின்று "டோர் போடு, டோர் போடு" என்று கத்தியிருக்கிறார், உள்ளே இருந்த பையன் எழுந்து வந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டான்.