மறு: அலுவலகத் தொலைபேசியை எட்ட இருந்து கவனிப்பதற்கு என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். அலுவலகத் தொலைபேசி அமைப்பை எட்ட இருந்து கவனிக்கும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்'டுக்குத் தமிழ்ச்சொல் தேடி, மூன்று நாளாக இந்த இழையில் வரும் மடல்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் மொழி படித்தவன் அல்ல. அலுவலகங்களுக்குத் தொலைபேசி அமைப்பு பொருத்தித் தருவதும் பழுது பார்ப்பதும் 22 ஆண்டுகளாகக் கோயம்புத்தூரில் என் தொழில். அந்த அலுவலகங்களில் வரவேற்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்காகத் தமிழில் கையேடும் எழுதித் தருகிறேன். கையேட்டில் ஒரு சொல்லைச் சரியாக யோசிக்காமல் போட்டால் என்ன ஆகும் என்பதை அனுபவத்தில் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மதுரை ஐயா எழுதியதை எடுத்துக்கொள்கிறேன்.

> ரிமோட் மேனேஜ்மென்ட்டுக்குத் 'தொலை மேலாண்மை' ஏற்கெனவே இருக்கிறது. அதையே வைத்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே?

ஐயா, நானும் அப்படித்தான் இருந்தேன். என் பழைய கையேட்டில் அந்தச் சொல்தான் இருந்தது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்துக்கு இணையவழித் தொலைபேசி அமைப்பு ஒன்றைப் பொருத்தினேன். அமைப்புப் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு பொத்தானுக்கும் தமிழ் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு வரி: "தொலை மேலாண்மை: இயக்கு / நிறுத்து". நான் நிறுத்தி வைத்துவிட்டு வந்தேன். சில வாரம் கழித்து, அழைப்புகள் சரியாக மாறவில்லை என்று அங்கே ஒருவர் கையேட்டைப் புரட்டியிருக்கிறார். மேலாண்மை என்று ஒன்று இருக்கிறது, அது நின்று கிடக்கிறது, அதனால்தான் கோளாறு போலும் என்று நினைத்து இயக்கிவிட்டார். தொலைபேசி அமைப்பின் பெட்டிக்கு நேரடியாகப் பொது ஐபி முகவரி, அதாவது இணையத்தில் யாரும் எட்டக்கூடிய முகவரி, கொடுத்திருந்தார்கள். நான் வைத்துவிட்டு வந்த கடவுச்சொல்லும் எளிதில் ஊகிக்கக்கூடியது. சனிக்கிழமை இரவு முழுக்க அந்த அலுவலகத்தின் இணைப்புகள் வழியாக, அவர்களுக்கு வாடிக்கையாளரே இல்லாத நாடுகளுக்கு அழைப்புகள் போயிருந்தன. திங்கட்கிழமை காலை அந்தப் பட்டியலை என் முன்னால் வைத்தார்கள்.

கடவுச்சொல் என் தவறு. ஆனால் அதே அளவுக்கு அந்தச் சொல்லும் என் தவறு. இயக்கியவரிடம், "இயக்கும்போது என்ன நினைத்தீர்கள்?" என்று பிறகு கேட்டேன். "மேலாண்மைன்னா நல்லதுதானே சார், நீர் மேலாண்மை, பேரிடர் மேலாண்மைன்னு எல்லாம் சொல்றாங்களே" என்றார். அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. தமிழில் மேலாண்மை என்ற சொல் அந்த நல்ல பொருளில்தான் காதில் விழுகிறது. அந்தப் பொத்தான் செய்யும் வேலையோ அலுவலகத்தின் கதவை ஊருக்கே திறந்து வைப்பது. "வெளியிலிருந்து நுழைவு: திறந்திருக்கிறது / மூடியிருக்கிறது" என்று நான் எழுதியிருந்தால் அவர் கை தயங்கியிருக்கும். எனக்கு ஒரு முறை போன் செய்து கேட்டிருப்பார்.

என் கருத்து இதுதான். ஆங்கிலம் ஒரே பெயரின் கீழ் மூன்று வெவ்வேறு வேலைகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. எத்தனை இணைப்பு ஓடுகிறது, எந்தப் போன் செத்துக் கிடக்கிறது என்று பார்ப்பது ஒன்று. யாருக்கு எந்த எண், இரவில் அழைப்பு யாருக்குப் போக வேண்டும் என்று மாற்றுவது இன்னொன்று. அந்த இரண்டையும் செய்ய வெளியாள் உள்ளே வர வழி விடுவது மூன்றாவது. தொழிலில் இருக்கும் நாங்களும் இவற்றைத் தனித்தனியாகத்தான் பேசுகிறோம். "ஸ்டேட்டஸ் பாத்துட்டேன்" என்போம், "ப்ரோகிராமிங் பண்ணிட்டேன்" என்போம், தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் மென்பொருளுக்கு "எனிடெஸ்க் ஐடி சொல்லுங்க" என்று கேட்போம். இந்த மூன்றில் ஆபத்து இருப்பது மூன்றாவதில்தான். கலைச்சொல் அதை மறைக்கக் கூடாது.

அடுத்து 'தொலை'. நம் துறையில் தொலைபேசி என்ற பெயரிலேயே ஒரு 'தொலை' இருக்கிறது. "தொலைபேசி அமைப்பின் தொலை மேலாண்மை" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் 'தொலை' குரல் தூரம் போவதைச் சொல்கிறது, இரண்டாவது 'தொலை' பழுது பார்ப்பவர் தூரத்தில் இருப்பதைச் சொல்கிறது. ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருப்பதால் குழப்பம் வரவில்லை. நாம் இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால், தொலைபேசி வழியாக மேலாண்மை செய்வதா, தொலைபேசியைத் தூரத்திலிருந்து மேலாண்மை செய்வதா என்று படிப்பவர் திணறுவார். தொலையுணர்வு, தொலைநோக்கி போன்றவற்றில் இந்தச் சிக்கல் கிடையாது, அங்கே 'தொலை' அப்படியே இருக்கட்டும்.

சேலம் தங்கை ஒருவர் 'சேய்மை'யைப் பரிந்துரைத்திருந்தார். அதற்கு வந்த பதில்:

> சேய்மை சங்க காலத்துச் சொல். யாருக்குப் புரியும்? போதாக்குறைக்குத் தாய்சேய் நல விடுதி வேறு நினைவுக்கு வருகிறது.

இதன் முதல் பாதியோடு நான் உடன்படவில்லை. ஆறாம் வகுப்பு இலக்கணத்தில் அண்மைச்சுட்டு, சேய்மைச்சுட்டு படிக்காதவர்கள் நம்மில் எத்தனை பேர்? இவன் என்றால் அண்மை, அவன் என்றால் சேய்மை. பள்ளியோடு மறந்து போயிருக்கலாம், ஆனால் சொன்னதும் நினைவுக்கு வரும். அதோடு 'அண்மை' என்ற இணைச்சொல் கூடவே கிடைக்கிறது. நேரில் போய்ச் செய்வதற்கும் எட்ட இருந்து செய்வதற்கும் நாங்கள் வாடிக்கையாளரிடம் தனித்தனிக் கட்டணம் வாங்குகிறோம். அண்மைப் பணி, சேய்மைப் பணி என்று விலைப்பட்டியலில் போட்டால் சொல்லைப் பார்த்ததுமே வேறுபாடு விளங்கும். 'தொலை'க்கு அப்படியொரு இணை இல்லை.

இரண்டாம் பாதியில் இருப்பது நியாயமான எச்சரிக்கை. சேய்மையைச் சுருக்கி 'சேய்ப்பணி', 'சேய்ப்பேணல்' என்று யாராவது எழுதினால் அது குழந்தை வளர்ப்பாகிவிடும். எப்போதும் முழுதாகச் 'சேய்மை' என்றே எழுதுவது என்று இப்போதே விதி வைத்துக்கொள்வோம்.

இதில் இணையத்தைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 'இணையவழி மேலாண்மை' என்று ஒரு யோசனை வந்திருந்தது. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். பம்ப்செட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் பழைய அமைப்பு, இணையத் தொடர்பே இல்லாத பெட்டி. உதிரி பாகம் கேட்டு விவசாயிகள் கூப்பிடும் எண், பூட்டிய அலுவலகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. அந்த அழைப்புகளை ஊழியர் ஒருவரின் கைபேசிக்குத் திருப்ப வேண்டும். நான் போக வழியில்லை. வாசலில் இருந்த காவலாளி அண்ணனை வரவேற்பு மேசைக்குப் போகச் சொன்னேன். அவர் ஒரு காதில் தன் கைபேசி வழியாக என்னையும் மறு காதில் ஆபரேட்டர் போனின் ரிசீவரையும் வைத்துக்கொண்டார். நான் எண்ணைச் சொல்லச் சொல்ல அழுத்தினார். ஸ்டார், குறியீடு, கடவுச்சொல், பிறகு ஏற்றுக்கொண்டதற்கான ஒலி வரும்வரை காத்திருப்பு. "விட்டு விட்டுக் கேக்குதுங்க" என்றால் தவறு, "நீளமா வந்துச்சுங்க" என்றால் சரி. 40 நிமிடம் ஆயிற்று. மொத்தம் 4 இணைப்புகள். உள்ளே வரும் அழைப்புக்கு ஒன்று, அதைக் கைபேசிக்கு அனுப்ப இன்னொன்று என்று ஓர் அழைப்புக்கு இரண்டு பிடிக்கும். ஆக ஒரே நேரத்தில் 2 பேர்தான் பேச முடியும். அது போதுமாக இருந்தது. அன்று நான் செய்ததும் இதே வேலைதான், இணையம் இல்லாமல். சொல் அதையும் தாங்க வேண்டும்.

இனி 'மேலாண்மை'க்கு மாற்று. மட்டக்களப்பிலிருந்து அக்கா எழுதிய 'பேணல்' என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. தமிழ்நாட்டில் நாங்கள் பராமரிப்பு என்கிறோம், பேணுதலை உடல்நலம் பேணுவதோடு நிறுத்திவிட்டோம். இலங்கையில் பதிவேடு பேணுகிறார்கள், கணக்குப் பேணுகிறார்கள். ஒரு பொருள் கெடாமல், ஒழுங்கு குலையாமல் தொடர்ந்து கவனிப்பதுதான் பேணுவது. மேலே உட்கார்ந்து ஆள்வது அல்ல. தொலைபேசிப் பெட்டிக்கு வேண்டியதும் அந்தக் கவனிப்புத்தான். 'சேய்மைப் பேணல்' என்பதைப் பொதுப்பெயராக வைத்து, அதன் கீழ் 'சேய்மைக் கண்காணிப்பு', 'சேய்மை மாற்றம்', 'சேய்மை நுழைவு' என்று பிரித்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. பொத்தானில் வர வேண்டியது கடைசிச் சொல் மட்டும்தான். அதற்கு எதிரே 'இயக்கு / நிறுத்து' வேண்டாம், 'திற / மூடு' என்றே இருக்கட்டும்.

பேணப்படும் பொருளுக்கும் பெயர் முடிவாகவில்லை. அலுவலக அழைப்புகளை இணைக்கும் பெட்டிக்கு உள்ள 'பி.பி.எக்ஸ்.' என்ற ஆங்கிலச் சுருக்கத்தை விரித்து 'தனியார் கிளை இணைப்பகம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் அங்கே 'பிரைவேட்' என்பது, பொதுத் தொலைபேசி நிலையத்துக்குச் சொந்தமில்லாமல் அந்த அலுவலகத்துக்கே சொந்தம் என்ற பொருளில் வருகிறது. தமிழில் தனியார் என்றால் அரசு அல்லாதது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் பெட்டியை எப்படித் தனியார் என்று சொல்வது? கிளை என்றாலும் வங்கிக் கிளைதான் நினைவுக்கு வரும். 'உள்ளிணைப்பகம்' போதும். அலுவலகத்துக்குள்ளே ஒருவரை ஒருவரோடு இணைப்பது, உள்ளே இருப்பவரை வெளியே இணைப்பது. அது செய்யும் வேலையே பெயராகிவிடுகிறது. இன்டர்காம் என்று சொல்லிப் பழகியவர்களுக்கும் 'உள்' என்பது உடனே பிடிபடும்.

> ஆனால் இப்போது அது மேகக்கணினியில் எங்கோ இருக்கிறது. 'அகம்' என்றால் இடம் அல்லவா?

நல்ல கேள்வி. 1882-இல் சென்னையில் தொலைபேசி நிலையம் வந்தபோது அது உண்மையிலேயே ஓர் இடம். ஆள் உட்கார்ந்து, கயிற்றைச் செருகி இணைப்புக் கொடுத்த இடம். அமெரிக்காவில் ஆல்மன் ஸ்ட்ரவுஜர் தானியங்கி இணைப்புக் கருவிக்கு 1891-இல் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல அந்த ஆளின் வேலை எந்திரத்துக்குப் போனது. 1999-இல் மார்க் ஸ்பென்சர் ஆஸ்டெரிஸ்க் என்ற கட்டற்ற மென்பொருளை எழுதியபோது தனிப் பெட்டியும் தேவையில்லை என்றாயிற்று. சாதாரணக் கணினியே அலுவலகத்துக்கு இணைப்புக் கொடுத்தது. ஆள், எந்திரம், பெட்டி எல்லாம் போயும் இணைக்கும் வேலை அப்படியே இருக்கிறது. மின்னூலகம் என்கிறோம், அதற்கு அலமாரி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. உள்ளிணைப்பகமும் அப்படி நின்றுவிடும் என்று நம்புகிறேன்.

இதோடு ஒட்டி வரும் இன்னொரு சொல், எக்ஸ்டென்ஷன். 'நீட்டிப்பு எண்' வேண்டாம், கடைசித் தேதியை நீட்டித்த மாதிரி இருக்கிறது. 'உள்ளெண்' என்று சில கையேடுகளில் போட்டுப் பார்த்தேன். யாரும் என்னைக் கூப்பிட்டுப் பொருள் கேட்கவில்லை. "கணக்குப் பிரிவின் உள்ளெண் 204" என்று எழுதினால் புரிகிறது.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன். பெயர்ச்சொல் தேவைப்படும் இடம் வேறு, வாக்கியம் போதும் இடம் வேறு. சொற்பட்டியலிலும் விலைப்பட்டியலிலும் 'சேய்மைப் பேணல்' வரட்டும். கையேட்டின் உள்ளே, "உள்ளிணைப்பகத்தைச் சேய்மைப் பேணல் செய்யும் முறை" என்று நான் எழுத மாட்டேன். "வீட்டிலிருந்தே இரவு நேர அழைப்பை மாற்றுவது எப்படி" என்று எழுதுவேன். அந்தப் பக்கத்தின் முதல் வரியாக, வி.பி.என். என்ற பாதுகாப்பான இணையப் பாதையைப் போட்ட பிறகே உள்ளே போக வேண்டும், இணையத் தொலைபேசி அழைப்புகளுக்கான 5060 போர்ட்டை ஊருக்கெல்லாம் திறந்து வைக்கக் கூடாது என்று வைப்பேன். திறந்து வைத்த அன்றைக்கே எங்கெங்கிருந்தோ கடவுச்சொல்லை ஊகிக்கும் முயற்சிகள் பதிவேட்டில் விழத் தொடங்குவதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

அடுத்த மாதம் ஒரு பள்ளிக்குப் புதிய கையேடு எழுதித் தர வேண்டும். உள்ளிணைப்பகம், உள்ளெண், சேய்மை நுழைவு மூன்றையும் அதில் போடப் போகிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். அக்கா, 'பேணல்' உங்கள் பக்கத்தில் கருவிகளுக்கும் இயல்பாக வருமா, பதிவேட்டோடு நின்றுவிடுமா என்று அவசியம் சொல்லுங்கள்.

டிரங்குக்கு மட்டும் எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. உள்ளிணைப்பகத்திலிருந்து வெளியே போகும் இணைப்பைச் சொல்கிறேன். பேருந்தின் தடம் எண்ணை வைத்து 'வெளித்தடம்' என்று யோசித்தேன். "வெளித்தடம் நான்கும் பிஸி" என்று சொன்னால் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே தடம் வழியாகத்தான் அழைப்புகள் உள்ளேயும் வருகின்றன. 'வெளி' என்று சொல்வது சரியா?

அன்புடன்,
கோவையிலிருந்து