பல் பிடுங்கப் போன மாமா

செவ்வாய்

மாமா: மார்த்தாண்டம் வரை போய், இரண்டு மணி நேரம் காத்திருந்து, பல்லைப் பிடுங்காமலே திரும்பி வந்தாச்சு. பிரஷர் 186/112 ஆம், இன்றைக்குத் தொட மாட்டேன் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கடவாய்ப்பல்லுக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம் மக்களே?

சித்தப்பா: இப்போ டாக்டர்களுக்கே பயம் அண்ணே. வேறு இடம் பாருங்க. எனக்குப் பிரஷரே பார்க்காமல் ஐந்து நிமிடத்தில் பிடுங்கினார்கள்.

ஷீபா: சித்தப்பா, அது பெருமை இல்லை. மாமா, அவர் செய்ததுதான் சரி. 180/110-ஐத் தாண்டினால் அவசரமில்லாத பல் வேலையைத் தள்ளி வைப்பதுதான் வழக்கம். அந்த நிலையில் வலியும் பயமும் சேர்ந்தால் இன்னும் ஏறும், நெஞ்சுவலி, பக்கவாதம் வரை போகலாம், பிடுங்கிய குழியில் இரத்தமும் லேசில் நிற்காது. அது கிடக்கட்டும், காலையில் பிரஷர் மாத்திரை போட்டீர்களா?

மாமா: வெறும் வயிற்றில்தானே போகணும்?

ஷீபா: யார் சொன்னது?

மாமா: நானாகத்தான். இரத்தம் சோதிக்க அப்படித்தானே போவோம்.

மாமி: இன்றைக்கு மட்டுமா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்கிய பத்து மாத்திரை அட்டை. சனி முதல் கணக்குப் பார்த்தால் இப்போ ஆறு மீதி இருக்கணும். ஒன்பது இருக்கு. இப்போதான் எண்ணினேன்.

மாமா: வலி மாத்திரையோடு அதையும் போட்டால் வயிறு எரியுமே என்று விட்டேன். முக்கு மருந்துக்கடையில் தந்தது. டைக்ளோபினாக் என்று எழுதியிருக்கு. நாலு நாளாகக் காலையும் ராத்திரியும்.

ஷீபா: சரியாப் போச்சு. டைக்ளோபினாக், இபுபுரோஃபென் எல்லாம் உடம்பில் உப்பையும் நீரையும் தங்க வைத்து பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரை வேலை செய்வதையும் குறைக்கும். உங்களுக்குப் பாரசிட்டமால் போதும். போட வேண்டிய மாத்திரை போடவில்லை, போடக்கூடாதது நாலு நாளாக உள்ளே போகுது, ராத்திரி தூக்கமும் இருந்திருக்காது, போகிற வழியில் கட்டன் சாயாவும் குடித்திருப்பீர்கள்.

மாமா: இரண்டு கட்டன். பீடியைப் பற்றிக் கேட்காதே.

பெரியம்மை: மரப்பு ஊசியில்தான் பிரஷர் ஏறும் என்கிறார்களே, ஊசி இல்லாமல் பிடுங்கச் சொன்னால் என்ன?

ஷீபா: ஐயோ பெரியம்மை, அதுதான் ஆபத்து. அந்த மருந்தில் அட்ரினலின் கொஞ்சம் சேர்ப்பார்கள், நம்ம ஊரில் பெரும்பாலும் 80,000-இல் ஒரு பங்கு. இரத்தக்குழாயைச் சுருக்கி மரப்பை அதிக நேரம் நிற்க வைக்கும், இரத்தம் வழிவதையும் குறைக்கும். சரியாக மரக்காமல் இழுத்தால், வலியில் உடம்பே அதைவிட அதிகமாக அட்ரினலினைச் சுரக்கும். அதனால் பிரஷர்காரருக்கும் ஊசி உண்டு, அளவுதான் குறைவு, சுமார் இரண்டு குப்பிக்குள். ஊசி இரத்தக்குழாயில் இறங்கவில்லை என்று லேசாகப் பின்னால் இழுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகப் போடுவார்கள்.

அஜின்: ஷீபா அக்கா, அப்பாவுக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தது டாக்டரிடம் சொன்னாரா என்று கேளுங்க. இங்கே மஸ்கட்டில் இருந்து போன் செய்தால் எல்லாம் சரி என்றுதான் சொல்வார். இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் எக்கோஸ்பிரினையும் நிறுத்தியிருப்பாரோ என்று சந்தேகம்.

மாமா: இன்னும் நிறுத்தவில்லை. ஐந்து நாள் முன்னே நிறுத்தணும் என்று தம்பிதான் சொன்னான்.

ஷீபா: நிறுத்தாதீங்க மாமா!! ஸ்டென்டில் இரத்தம் உறைந்தால் உயிர்ப் பிரச்சினை. ஒரு பல் எடுக்கிற இடத்து இரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்திவிடலாம். நாளைக்கே இதய டாக்டரைப் பாருங்க, எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு இரண்டு டாக்டரிடமும் காட்டுங்க. ஆனால் அதற்குள் கன்னம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனாலோ பிரஷர் இறங்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நேரே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு வந்துடுங்க, எந்நேரமானாலும்.

சித்தப்பா: நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வியாழன்

மாமி: பல் வந்தாச்சு! காலையில் மாத்திரை போட்டு, இட்லி சாப்பிட்டுத்தான் போனார். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைத்து இரண்டு தடவை பார்த்தார்கள், 144/86. முடிந்ததும் சாய்ந்த நாற்காலியில் இருந்து சடாரென்று எழுந்தார், தலை சுற்றி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

ஷீபா: பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மெதுவாகத்தான் எழுந்திரிக்கணும் மாமி. இப்போ எப்படி?

மாமி: பஞ்சைக் கடித்துக்கொண்டு இருக்கிறார், பேச முடியாது. வீடு எவ்வளவு அமைதியாக இருக்கு தெரியுமா?

மாமா: எழுத முடியும். மத்தியானம் மரச்சீனியும் மத்திக் குழம்பும் சாப்பிடலாமா?

ஷீபா: இன்றைக்கு ஆறின கஞ்சிதான். துப்பக் கூடாது, கொப்பளிக்கவும் கூடாது. பீடி கூடவே கூடாது.

மாமா: கட்டன்?

ஷீபா: நாளைக்கு. அதுவும் ஆற வைத்து.